டிஸ்ப்ளே வரவில்லையா? முதலில் பீப் சத்தத்தை எண்ணுங்கள்

பல வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அண்ணன் போன் செய்தார். "தம்பி, சிஸ்டம் ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரலை. பீஈஈ பிப் பிப்னு கத்திக்கிட்டே இருக்கு" என்றார். போனை கேபினெட் பக்கம் பிடிக்கச் சொல்லிக் கேட்டேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. எனக்குத் தலைகீழ்ப் பாடம். "கிராஃபிக்ஸ் கார்டு போச்சுண்ணே" என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் புதுக் கார்டு வாங்கி வந்தார். மாட்டினோம். பீஈஈ பிப் பிப். அதே சத்தம். கடைசியில் ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்தி மாட்டியதும் விண்டோஸ் வந்துவிட்டது. வாங்கிய கார்டைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நான் எண்ணியதில் பிழை இல்லை, பார்த்த அகராதிதான் பிழை. கணினியை எழுப்பும் நிரலுக்கு பயாஸ் என்று பெயர். எனக்கு மனப்பாடமாக இருந்தது அவார்டு என்ற கம்பெனியின் பழைய பயாஸ் பட்டியல். அந்த மதர்போர்டோ வேறு கம்பெனிப் பாஷை பேசிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் ரேமைக் காணோம் என்று அர்த்தம்.

பீப் கோடு பட்டியல்கள் இணையத்தில் எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன. பட்டியலைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது என்ன, கிடைத்த பிறகு அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் பலருக்கும் பிடிபடுவதில்லை. அங்கிருந்தே தொடங்கலாம்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பது

பவர் பட்டனை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) எழுந்து 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்களைத் தயார் செய்கிறது. அவை நிலைப்பட்டதும் போர்டுக்கு 'எல்லாம் சரி' என்று ஒரு சிக்னல் போகும். அதன்பிறகுதான் பிராசஸர் வேலையைத் தொடங்கும். அது முதலில் படிப்பது ஹார்டு டிஸ்கை அல்ல, மதர்போர்டில் இருக்கும் பயாஸ் சிப்பை. அந்தச் சிப்பில் உள்ள நிரல் வரிசையாக ஒவ்வொரு பாகத்தையும் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுக்கிறது. இதற்குத்தான் போஸ்ட் என்று பெயர். பவர் வந்ததும் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பரீட்சை.

இந்த வரிசையில் டிஸ்ப்ளே தயாராவது கொஞ்சம் பின்னால்தான். ரேமுக்கான முதல் சோதனை அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அப்படியானால் ரேமில் கோளாறு என்று கணினி எதில் எழுதிக் காட்டும்? திரைதான் இன்னும் எழவில்லையே. 1981இல் வந்த ஐபிஎம் பிசி இதற்குச் சத்தத்தைத்தான் பயன்படுத்தியது. அதில் 8253 என்ற டைமர் சிப் ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒலிக்கச் செய்யும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு குட்டை பீப். டிஸ்ப்ளே அடாப்டரில் சிக்கல் என்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை. பின்னால் வந்த அவார்டு அதே வழக்கத்தைத் தொடர்ந்தது. என் தலைகீழ்ப் பாடத்தின் பூர்வீகம் இதுதான்.

பீப் அடிக்க ரேம் வேண்டாம், டிஸ்ப்ளே வேண்டாம். பிராசஸரும் பயாஸ் சிப்பும் டைமரும் இருந்தால் போதும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பட்டியல் தேவைப்படாது. அதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம்.

ஒன்று, பீப் கேட்கிறது என்றால் நல்ல செய்தி. எஸ்எம்பிஎஸ், பிராசஸர், பயாஸ் மூன்றுக்கும் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. "போர்டு போச்சு" என்று யாராவது உடனே சொன்னால் தலையாட்டாதீர்கள்.

இரண்டு, பிராசஸருக்கே உயிர் இல்லை என்றால் பீப் அடிக்க ஆளே இல்லை. பட்டியல்களில் 'பிராசஸர் கோளாறு' என்று ஒரு வரி இருக்கும். ஆனால் நிஜத்தில் பிராசஸர் முழுதாகச் செத்த கணினி வாயே திறக்காது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். போஸ்ட் எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான் பீப் சொல்லும். குற்றவாளி யார் என்று அதற்குத் தெரியாது. 'ரேம் இல்லை' என்ற பீப்புக்குக் காரணம் ரேமாக இருக்கலாம், ஸ்லாட்டில் அடைந்த தூசியாக இருக்கலாம், பிராசஸர் சாக்கெட்டில் வளைந்துபோன ஒரு பின்னாகக்கூட இருக்கலாம். ஏனென்றால் இன்றைய பிராசஸர்களில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது.

படி 1: சத்தம் எங்கிருந்து வருகிறது?

சிரிக்காதீர்கள். இதற்காகவே ஆட்டோ பிடித்துப் போய், மேஜைக்கு அடியில் இருந்த யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போதும், பேட்டரி தீரும்போதும், லோடு கூடும்போதும் யுபிஎஸ் கத்தும். சி.பி.யு.வின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் அது கணினியின் சத்தம் இல்லை. (கேபினெட் முழுவதையும் சி.பி.யு. என்று சொல்லும் நம் ஊர் வழக்கத்தில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. உள்ளே இருக்கும் சிப்பை மட்டும் இங்கே பிராசஸர் என்கிறேன்.)

அடுத்த சந்தேகம் கீபோர்டு. ஏதாவது ஒரு சாவி அமுங்கியே இருந்தால் சில போர்டுகள் விடாமல் பிப் பிப் பிப் என்று அடிக்கும். கீபோர்டு மேல் ஃபைலை அடுக்கி வைக்கும் அலுவலகங்களில் இது சகஜம். கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், பிரிண்டர் என்று எல்லா யுஎஸ்பியையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். அதோடு சரியாகிவிட்டால் கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம்.

படி 2: கணினிக்கு வாய் இருக்கிறதா?

இப்போது வரும் பல கேபினெட்டுகளிலும் மதர்போர்டுகளிலும் ஸ்பீக்கர் இருப்பதில்லை. போர்டு என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. "என் சிஸ்டம் பீப்பே அடிக்கலை, அப்போ போர்டு போச்சா?" என்று பயப்படுபவர்களில் பலருக்கு இதுதான் பிரச்சினை. மேஜை மேல் இருக்கும் பாட்டு கேட்கும் ஸ்பீக்கரில் இந்தச் சத்தம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒலி அமைப்பு எழும் முன்பே நடக்கும் கதை இது.

மதர்போர்டின் கீழ் ஓரத்தில், பவர் சுவிட்ச், ரீசெட் சுவிட்ச் ஒயர்கள் போகும் இடத்துக்குப் பக்கத்தில், நாலு பின் கொண்ட ஒரு வரிசை இருக்கும். ஸ்பீக்கர் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். மொபைல் டார்ச் இல்லாமல் தெரியாது. அதில் மாட்டும் பஸ்ஸர், சுண்டுவிரல் நுனி அளவு கறுப்பு உருளை. இரண்டு ஒயர், நாலு துளை கொண்ட ஒரு தலை, அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு ஸ்பீக்கர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். விலையும் சொற்பம். கணினி ரிப்பேர் பார்க்கும் ஆசை கொஞ்சம் இருந்தாலும் இதில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் டூல் பையில் ஸ்க்ரூ டிரைவருக்கு அடுத்தபடி அதிகம் பயன்படுவது இதுதான்.

திருப்பி மாட்டினாலும் ஒன்றும் எரியாது. ஆனால் நாலு பின் இருக்கிறது என்று வேறு இடத்தில் சொருகிவிடாதீர்கள். போர்டின் மாடல் எண்ணை வைத்து மேனுவலை இறக்கி, படத்தைப் பார்த்து மாட்டுங்கள். அந்த மேனுவல் இன்னொரு வேலைக்கும் வேண்டும்.

படி 3: எண்ணுவது எப்படி

மொபைலில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு கேபினெட் பக்கத்தில் வைத்துவிட்டு கணினியை ஆன் செய்யுங்கள். ஒரு நிமிடம் ஓடட்டும். பதற்றத்தில் காதால் எண்ணினால் எட்டு ஒன்பதாகும், ஒன்பது எட்டாகும். பதிவைக் கேட்டு எண்ணினால் இந்தத் தகராறு இல்லை.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சத்தம் நீளமா குட்டையா, ஒரே சீராக வருகிறதா கூட்டம் கூட்டமாகப் பிரிந்து வருகிறதா, நீண்ட இடைவெளி எங்கே விழுகிறது. நீண்ட இடைவெளிக்கு அடுத்த சத்தத்திலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டும். நடுவில் இருந்து எண்ணினால் 'ஒரு நீளம் மூன்று குட்டை' என்பது 'மூன்று குட்டை ஒரு நீளம்' ஆகி, எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. இரண்டு மூன்று சுற்று ஒன்றுபோல வருகிறதா என்று பார்த்துவிட்டு, தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பீஈஈ, பிப், பிப், பிப், நிறுத்தம்.

படி 4: யார் பாஷை?

நான் சறுக்கிய இடம் இது. ஒரே சத்தத்துக்கு யார் யார் என்ன பொருள் சொல்கிறார்கள் பாருங்கள்.

ஒரு நீளம், இரண்டு குட்டை: பழைய ஐபிஎம், அவார்டு பயாஸில் டிஸ்ப்ளே சிக்கல். ஆசுஸ் போர்டு மேனுவல்களில் ரேம் கண்டறியப்படவில்லை.

ஒரு நீளம், மூன்று குட்டை: ஏஎம்ஐ என்ற இன்னொரு கம்பெனியின் பயாஸில், பழைய பட்டியலில் ரேம் சோதனையில் தோல்வி. ஆசுஸில் கிராஃபிக்ஸ் கார்டு கண்டறியப்படவில்லை.

அப்படியே தலைகீழ். அதனால் முதலில் போர்டு யாருடையது, பயாஸ் யாருடையது என்று தெரிய வேண்டும். போர்டின் மாடல் பெயர் பெரும்பாலும் ரேம் ஸ்லாட்டுகளுக்கும் கார்டு ஸ்லாட்டுகளுக்கும் நடுவில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய போர்டு என்றால் பயாஸ் சிப் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் பயாஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். பிராண்டட் கணினி என்றால் பின்பக்கத்தில் மாடல் எண் இருக்கும். போர்டு மேனுவலில் பீப் பட்டியல் இருந்தால் அதுவே கடைசி வார்த்தை. கீழே நான் தருவது மேனுவல் கிடைக்காதபோது பார்ப்பதற்கு.

ஏஎம்ஐ, பழைய பட்டியல், எல்லாமே குட்டை பீப்கள்:
1 – ரேம் புதுப்பித்தலில் கோளாறு
2 – ரேமில் பாரிட்டி பிழை (தகவல் சரிபார்ப்பில் தவறு)
3 – ரேமின் முதல் 64 கேபி பகுதியில் கோளாறு
4 – டைமர்
5 – பிராசஸர்
6 – கீபோர்டு கன்ட்ரோலர்
7 – பிராசஸர் அல்லது போர்டு தொடர்பான பிழை
8 – டிஸ்ப்ளே மெமரி
9 – பயாஸ் சிப்பின் உள்ளடக்கம் கெட்டிருக்கிறது
10 – சிமாஸ் (பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சின்ன நினைவகம்)
11 – கேஷ் மெமரி (பிராசஸருக்கான வேகமான சின்ன நினைவகம்)

இதில் 1, 2, 3 மூன்றுக்கும் ரேமைப் பாருங்கள், 8க்கு கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள். வீட்டில் நீங்கள் சரிசெய்யக்கூடியது பெரும்பாலும் இந்த நாலுதான். ஒரு பீப் அடித்துவிட்டு டிஸ்ப்ளேயும் வந்துவிட்டால் அது கோளாறு இல்லை, நலமாக எழுந்தேன் என்ற தகவல்.

அவார்டில் நீளமான பீப் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ரேம். ஆம்புலன்ஸ் போல உச்சமும் தாழ்வுமாக மாறி மாறி வந்தால் பிராசஸர் சூடு அல்லது பிராசஸர் கோளாறு. ஆசுஸில் ஒரு நீளம், நாலு குட்டை என்றால் ஏதோ ஒரு வன்பொருள் கோளாறு. எது என்று சொல்லாது.

ஃபீனிக்ஸ் என்ற மற்றொரு பயாஸ் கம்பெனியின் பாஷை தனி. நீளம் குட்டை கிடையாது, கூட்டம் கூட்டமாக அடிக்கும். பிப், பிப் பிப் பிப், பிப் பிப் பிப் பிப், பிப் என்றால் 1-3-4-1, ரேமில் கோளாறு. 1-2-2-3 என்றால் பயாஸ் சிப். முன்பு சொன்ன ரெக்கார்டர் யோசனை இங்கேதான் உயிர் காக்கும்.

டெல் மடிக்கணினிகளில் எண்ணுவது சுலபம்: 1 போர்டு அல்லது பயாஸ், 2 ரேம் கண்டறியப்படவில்லை, 3 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்), 4 ரேம் கோளாறு, 5 சிமாஸ் பேட்டரி, 6 டிஸ்ப்ளே சிப், 7 பிராசஸர், 8 எல்சிடி திரை. புதிய எச்பி அலுவலகக் கணினிகளில் முதலில் நீளங்கள், பிறகு குட்டைகள். கூடவே நீளத்துக்குச் சிவப்பாகவும் குட்டைக்கு வெள்ளையாகவும் விளக்கு மின்னும். மூன்று நீளம் இரண்டு குட்டை ரேம், மூன்றும் மூன்றும் கிராஃபிக்ஸ். பழைய இன்டெல் மேக்குகளில் ஐந்து விநாடிக்கு ஒரு சத்தம் என்றால் ரேம் இல்லை. மூன்று சத்தம், ஐந்து விநாடி இடைவெளி, மறுபடி மூன்று என்றால் ரேம் பழுது.

எந்தப் பட்டியலை எடுத்தாலும் ரேம் முன்னால் வந்து நிற்கிறது, கவனித்தீர்களா? என் அனுபவத்திலும் அப்படித்தான். எனவே அதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குவோம்.

படி 5: ரேம் என்று பீப் சொன்னால்

சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினெட்டைப் படுக்க வைத்து, பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதி ஒன்றைத் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

ரேம் ஸ்லாட்டின் முனைகளில் இருக்கும் கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் துள்ளி எழும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும். மறுபக்கத்தை நெம்பி உடைத்துவிடாதீர்கள். ரேமை ஓரங்களில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கத்துத் தங்க நிறப் பற்கள் பளபளப்பு குறைந்து, மங்கலாக, ஒரு படலம் போட்டது போலத் தெரிகிறதா? கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. கடைகளில் எல்லோரும் செய்யும் ரப்பர் வைத்தியம் இதற்குத்தான். பென்சில் எழுத்தை அழிக்கும் மெதுவான வெள்ளை ரப்பர் வேண்டும். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். உள்ளிருந்து வெளியே ஒரே திசையில், நாலைந்து தடவை, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். தூளை பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கையில் இருந்தால் பஞ்சில் நனைத்துத் துடைப்பது இதைவிட நல்லது.

ஸ்லாட்டைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள். தூசி போகும், எச்சில் உள்ளே போகும்.

திரும்ப மாட்டும்போது ரேமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் பொருந்த வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒவ்வொன்றுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு. பொருந்தவில்லை என்றால் அது அந்த போர்டுக்கான ரேமே இல்லை. இரு முனைகளிலும் கட்டைவிரலால் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். புதிதாக மாட்டுபவர்கள் இங்கே பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். கை கொஞ்சம் வலிக்கும் அளவுக்கு அழுத்தம் வேண்டும்தான்.

இரண்டு ரேம் இருந்தால் இரண்டையும் ஒன்றாக மாட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டு ஆன் செய்யுங்கள். நாலு ஸ்லாட் போர்டுகளில் ஒற்றை ரேமுக்கு உகந்த இடம் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட், மொத்தம் நாலு சோதனை. கோளாறு ரேமைத் தொடர்ந்து போனால் ரேம் பழுது. எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் கோளாறு என்றால் ஸ்லாட். எல்லாவற்றிலும் தோல்வி என்றால் வேறொரு கணினியில் நன்றாக ஓடும் ரேமைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்க்காமல் புதிது வாங்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கணினியை முதல்முறை ஆன் செய்யும்போதோ, ரேமை மாற்றிய பிறகோ, திரை சில நிமிடங்கள் இருட்டாகவே இருக்கலாம். போர்டு ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

படி 6: டிஸ்ப்ளே என்று பீப் சொன்னால்

கார்டைக் கழற்றி, பற்களைத் துடைத்து, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கொக்கி விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். கார்டின் மேல் 6 அல்லது 8 பின் பவர் சாக்கெட் இருந்தால் அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒயர் வந்தாக வேண்டும். தூசி தட்டிவிட்டு மூடும்போது இதை மறப்பவர்கள் ஏராளம்.

பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டை எடுத்துவிட்டு மானிட்டர் கேபிளை போர்டின் பின்பக்கத்தில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் கார்டுதான் சந்தேகத்துக்குரியது. ஆனால் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் கிராஃபிக்ஸ் கிடையாது. அவற்றில் இந்தச் சோதனை பலிக்காது. நலம் என்ற ஒற்றை பீப் கேட்டும் திரை இருட்டு என்றால் கேபினெட்டை விட்டுவிட்டு மானிட்டரையும் கேபிளையும் பாருங்கள். கார்டு இருக்கும்போது கேபிளை போர்டில் சொருகியிருப்பதும் அடிக்கடி நடக்கும் கூத்து.

சூடும் பேட்டரியும்

ஆன் ஆகி கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பீப் வந்தால் சூடு. இன்டெல் பிராசஸரோடு வரும் கூலரில் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் ஊக்கு இருக்கும். அதில் ஒன்று கழன்றாலே போதும். மேலே ஃபேன் ஜம்மென்று சுற்றும், கீழே பிராசஸர் வெந்துகொண்டிருக்கும். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாக வையுங்கள்.

தேதி பின்னோக்கிப் போவது சிமாஸ் பேட்டரி தீர்ந்ததன் அடையாளம். சிஆர்2032, மூன்று வோல்ட் நாணய பேட்டரி. மீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள்.

படி 7: பீப்பே இல்லை என்றால்

பஸ்ஸர் மாட்டியும் நிசப்தம் என்றால்தான் உண்மையில் வேலை இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள்.

சுற்றவில்லை என்றால் சுவர் பிளக், பவர் கேபிள், எஸ்எம்பிஎஸ் பின்பக்கத்துச் சுவிட்ச், கேபினெட்டின் பவர் பட்டன் என்று வரிசையாக வாருங்கள். பட்டன் மேல் சந்தேகம் என்றால் போர்டில் அதன் இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கணினி ஆன் ஆக வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாகச் சோதிக்க, அதை போர்டிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, 24 பின் தலையில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அதற்குப் பிறகு பிளக்கைச் சொருக வேண்டும். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். முழு ஆரோக்கியம் என்று அர்த்தம் இல்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 230 வோல்ட் மின்சாரத்தை 320 வோல்ட்டுக்கும் மேலான நேர்மின்சாரமாகச் சேர்த்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும்.

ஃபேன் சுற்றியும் பீப் இல்லையா? பிராசஸருக்கு அருகில், போர்டின் மேல் மூலையில், 4 அல்லது 8 பின் கொண்ட ஒரு தனி பவர் சாக்கெட் உண்டு. அதில் ஒயர் கழன்றிருந்தால் ஃபேன் எல்லாம் சுற்றும், பிராசஸருக்கு மட்டும் மின்சாரம் போகாது. அதையும் பார்த்தாயிற்று என்றால், இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை.

ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, கார்டுகள், யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ரேம் எல்லாவற்றையும் கூட. போர்டு, பிராசஸர், கூலர், பஸ்ஸர், எஸ்எம்பிஎஸ் மட்டும் இருக்கட்டும். ஆன் செய்யுங்கள். ரேமே இல்லாத கணினி 'ரேம் இல்லை' என்று கத்தியாக வேண்டும். கத்தினால் நிம்மதியாக மூச்சு விடுங்கள். போர்டும் பிராசஸரும் பயாஸும் பேசுகின்றன. கழற்றி வைத்ததில் ஏதோ ஒன்றுதான் வாயை அடைத்திருக்கிறது. முதலில் ஒரு ரேம், பிறகு டிஸ்ப்ளே, பிறகு டிஸ்க் என்று ஒவ்வொன்றாக மாட்டி ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். மாட்டும் முன் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள்.

ரேம் இல்லாமலும் கத்தவில்லை என்றால், சிமாஸ் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டிப் பாருங்கள். அப்புறம் போர்டை வெளியே எடுத்து, காய்ந்த அட்டைப் பெட்டி மேல் வைத்து ஆன் செய்யுங்கள். கேபினெட்டுக்குள் கழன்று விழுந்த ஒரு திருகு, இடம் மாறிய ஒரு பித்தளைத் தாங்கி, போர்டின் அடியில் ஷார்ட் செய்துகொண்டிருக்கலாம். ஒருமுறை போர்டைத் தூக்கியபோது அடியில் காய்ந்து ஒட்டிப்போன பல்லி ஒன்று இருந்தது. அதை எடுத்துத் துடைத்ததும் கணினி ஓடியது. தலை உப்பிய கெபாசிட்டர், கருகிய வாசனை, வளைந்த சாக்கெட் பின் எதுவும் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இனி அது சிப் லெவல் வேலை, போர்டின் சிப்களையே பழுது பார்ப்பவர்களுக்கானது.

பீப்புக்குப் பதில் விளக்கு

இன்றைய போர்டுகள் பலவற்றில் சத்தத்தின் வேலையைச் சின்ன விளக்குகள் செய்கின்றன. பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே, பூட் என்று நாலு விளக்கு, போஸ்ட் ஓடும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். ஆசுஸ் இதை கியூ-எல்இடி என்கிறது, எம்எஸ்ஐ ஈஸி டீபக் என்கிறது. விலை கூடிய போர்டுகளில் இரண்டு இலக்க எண் காட்டும் திரையே உண்டு. அந்த எண்களுக்கான அர்த்தம் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பாஷை மாறினாலும் சோதிக்கும் முறை மேலே சொன்னதுதான்.

லெனோவோவின் சில புதிய திங்க்பேடுகள் பீப்புக்குப் பதில் குட்டி ராகம் ஒன்றை வாசிக்கும். அதைக் காதால் எண்ண முடியாது. கம்பெனியின் மொபைல் ஆப் அந்த ராகத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லும். புதிய டெல் மடிக்கணினிகளில் பேட்டரி விளக்கு முதலில் ஆம்பர் நிறத்தில் சில தடவை, பிறகு வெள்ளையில் சில தடவை மின்னும். இரண்டு ஆம்பர், மூன்று வெள்ளை என்றால் ரேம் கண்டறியப்படவில்லை. இரண்டும் நாலும் என்றால் ரேம் பழுது. இரண்டும் ஏழும் திரை. மூன்றும் ஒன்றும் சிமாஸ் பேட்டரி.

கடைக்குக் கொண்டு போகும்போது

"டிஸ்ப்ளே வரலை" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால், எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று உங்களுக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. பீப் பதிவை ஓடவிட்டுக் காட்டுங்கள். "இந்த போர்டு மாடல், இந்த சத்தம், ரேம் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன், ரேம் இல்லாமல் ஆன் செய்தால் கத்துகிறது" என்று சொல்லுங்கள். பழுதான பாகத்தை மாற்றினால் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே சரியாகிவிட்டது என்றால், மூடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. தேதி, வந்த பீப், எதைச் செய்ததும் நின்றது, மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கேபினெட்டின் பக்கக் கதவுக்கு உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஜெராக்ஸ் கடை அண்ணனின் கேபினெட்டில் இப்போது அப்படி நாலு சீட்டு இருக்கிறது. முதல் சீட்டில் என் கையெழுத்தில் இருப்பது: 'ஒரு நீளம் இரண்டு குட்டை = ரேம். கார்டு அல்ல.'